மாநிலக் கலை மன்ற நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசுக்கும் நகராட்சிக்கும் நடுவில், மாநிலம் அல்லது மாகாண அளவில் கலைக்கு நிதி ஒதுக்கும் அரசு அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. கலை மன்றம், பண்பாட்டு வாரியம், கலாசார இயக்ககம் எனப் பெயர் மாறும்; இங்கே எல்லாவற்றையும் 'மன்றம்' என்றே சொல்கிறோம். படிவமும் தொகையும் ஊருக்கு ஊர் வேறானாலும் நடைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நாடகக் குழு, இசைக்குழு, அருங்காட்சியகம், இலக்கிய அமைப்பு, தனிக் கலைஞர் என யார் வந்தாலும் கேட்கும் கேள்விகள் இவை.

மத்திய அரசு இருக்கும்போது மாநில அளவில் தனி மன்றம் எதற்கு?

நாட்டுக்கு நாடு காரணம் வேறு. ஜெர்மனியில் பண்பாடு முதன்மையாக மாநிலங்களின் அதிகாரம். 16 மாநிலங்களும் தனித்தனியே கொள்கை வகுத்து நிதி ஒதுக்குகின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1960இலேயே கலை மன்றம் தொடங்கிவிட்டது; மத்திய அளவில் தேசியக் கலை நிதியம் வந்ததே 1965இல்தான். அந்த நிதியத்தின் நல்கைத் (மானியத்) தொகையில் 40 சதவீதம் மாநில, வட்டார மன்றங்களுக்குப் போகிறது. பிரிட்டனில் 1946இல் ஒரே மன்றமாகத் தொடங்கியது 1994இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எனப் பிரிந்தது. பிரான்ஸில் மண்டலப் பண்பாட்டு இயக்ககம் மத்திய அமைச்சகத்தின் கிளை. மண்டல ஆட்சிமன்றம் தருவது வேறு பணம்.

விண்ணப்பிப்பவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மன்றம் தன் எல்லைக்கு உட்பட்ட வேலைக்குத்தான் பணம் தரும். அந்த எல்லையை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? அமைப்பின் பதிவு முகவரியா, கலைஞர் வசிக்கும் இடமா, நிகழ்ச்சி நடக்கும் இடமா? விதிமுறையின் முதல் பக்கத்திலேயே இது இருக்கும். அதைப் படிக்காமல் இருபது பக்கம் எழுதி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் உண்டு.

யாருக்குப் பணம் என்று அமைச்சர் முடிவு செய்கிறாரா?

பிரிட்டன் வழி வந்த மன்றங்களில் இல்லை. அரசு மொத்தத் தொகையை ஒதுக்கிவிட்டு விலகி நிற்க வேண்டும், யாருக்கு எவ்வளவு என்பதை மன்றமே முடிவு செய்ய வேண்டும் என்பது அங்கே அடிப்படைக் கொள்கை. வேறு இடங்களில் நிபுணர் குழு பரிந்துரைக்கும், முடிவுக் கையெழுத்து அரசுத் துறையுடையது.

எந்த முறையானாலும் விண்ணப்பம் மூன்று மேசைகளைக் கடக்கிறது. முதலில் அலுவலர் தகுதியைப் பார்ப்பார்: நாள் தவறவில்லையா, பதிவுச் சான்று இருக்கிறதா, கூட்டல் சரியா. பிறகு துறை சார்ந்த மதிப்பீட்டுக் குழு மதிப்பெண் போடும். கடைசியில் மன்றக் குழு கையில் இருக்கும் பணத்தைப் பார்த்துக் கோடு போடும். கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் நல்ல விண்ணப்பங்கள் எப்போதும் உண்டு. 'நன்று, ஆனால் நிதி இல்லை' என்று வரும் பதில் பெரும்பாலும் சாக்கு இல்லை.

மதிப்பீட்டுக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் உங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும்போது அவர் வெளியேற வேண்டும். அவரை முன்கூட்டியே தொடர்பு கொண்டு ஆதரவு கேட்டால் உங்கள் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். ஆனால் மன்ற அலுவலரிடம் பேசுவதற்குத் தடையில்லை. திட்டம் எந்தப் பிரிவில் சேரும் என்று கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கடைசி இரண்டு நாளில் யாருக்கும் நேரம் இருக்காது.

எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும்?

பெரும்பாலான மன்றங்களில் ஐந்து பிரிவுகளைப் பார்க்கலாம். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலைக்குத் திட்ட நிதி. அமைப்பின் ஆண்டுச் செலவுக்குச் செயற்பாட்டு நிதி. இது பல இடங்களில் மூன்று அல்லது நான்கு ஆண்டுக்குச் சேர்த்துத் தரப்படும். எழுதவும் இசையமைக்கவும் ஆய்வு செய்யவும் தனிக் கலைஞருக்குப் படைப்பு நல்கை. பயண நிதி. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மூலதன நிதி.

அதிகம் நடக்கும் தவறு, அமைப்பின் வாடகையையும் மேலாளர் சம்பளத்தையும் திட்ட நிதிக்குள் நுழைக்கப் பார்ப்பது. திட்டத்துக்குச் செலவாகும் பங்கை மட்டும், கணக்கிட்ட முறையைச் சொல்லிக் காட்டலாம். மேலாளர் ஆறு மாதம் தன் நேரத்தில் கால் பங்கை இதற்குச் செலவிட்டால் ஒன்றரை மாதச் சம்பளம். அதற்கு மேல் காட்டினால் வெட்டுவார்கள். புதிய அமைப்புகள் முதல் ஆண்டே செயற்பாட்டு நிதி கேட்பதும் வீண்வேலை. இரண்டு மூன்று திட்டங்களை முடித்துக் கணக்கு ஒப்படைத்த வரலாறு இல்லாமல் அந்தக் கதவு அநேகமாகத் திறக்காது.

பதிவு பெற்ற அமைப்பு இல்லை. தனி ஆளாக விண்ணப்பிக்கலாமா?

பல மாநில மன்றங்களில் முடியும், ஆனால் எல்லாப் பிரிவிலும் முடியாது. அமெரிக்காவின் மத்திய நிதியம் தனிக் கலைஞருக்கு நேரடியாகக் கொடுப்பதை 1990களின் நடுவில் நாடாளுமன்றம் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இலக்கியம் போன்ற சில விலக்குகளே மிஞ்சின. அங்கே தனிக் கலைஞர் பார்க்க வேண்டியது மாநில மன்றங்களைத்தான்.

தனி ஆளுக்கு வழி இல்லாத இடத்தில், பதிவு பெற்ற இன்னொரு அமைப்பின் குடையின் கீழ் விண்ணப்பிக்கலாம். பணம் அந்த அமைப்பின் கணக்குக்கு வரும், பொறுப்பும் அதனுடையது. அதற்காக நல்கையில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பணம் வந்த எத்தனை நாளில் உங்களுக்குத் தருவார்கள், ரசீதுகளை யார் வைத்திருப்பார்கள், படைப்பின் உரிமை யாருடையது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

முழுச் செலவையும் மன்றம் கொடுக்குமா?

அரிது. படைப்பு நல்கையும் பயண நிதியும் முழுதாகக் கிடைக்கலாம். திட்ட நிதிக்குப் பெரும்பாலும் உங்கள் பங்கு வேண்டும். அமெரிக்க மத்திய நிதியத்தின் வழக்கமான திட்ட நல்கைக்கு ஒன்றுக்கு ஒன்று ஈடு காட்ட வேண்டும், அதாவது அவர்கள் பாதி, நீங்கள் பாதி. மாநில மன்றங்களும் பல இந்தக் கணக்கையே பின்பற்றுகின்றன.

இனி வருவதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான விஷயம். நல்கை எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதை அனுமதிக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு நாடகத்தின் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம்:

கலைஞர், தொழில்நுட்பர் ஊதியம் 55
அரங்க வாடகை 12
மேடை, உடை, ஒளி 13
விளம்பரம் 7
நிர்வாகம் 7
உரிமம், காப்பீடு 3
கணக்குத் தணிக்கை 3

வரவு: டிக்கெட் 18, நகராட்சி 15, சொந்த நிதி 10, புரவலர் 7, மன்றத்திடம் கேட்பது 50.

வேலை முடிந்தபோது சிக்கனமாக நடத்தி 90இல் முடித்துவிட்டீர்கள், மற்ற வரவு சொன்னபடியே 50 வந்தது. பற்றாக்குறையை ஈடுசெய்யும் முறையில் உங்களுக்குக் கிடைப்பது 40. மிச்சம் பிடித்த 10ம் மன்றத்துக்கே. பங்கு விகித முறையில், உண்மைச் செலவில் 50 சதவீதம், அதாவது 45. நிலையான தொகை முறையில் வழக்கமாக 50ம் நிற்கும். முதல் முறையில் டிக்கெட் எதிர்பார்த்ததைவிட 8 கூடுதலாக விற்றாலும் நல்கையில் 8 குறையும். நன்றாக நடந்ததற்குத் தண்டனையா என்று கோபம் வரும். பொதுப்பணம் தேவைக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் நியாயம். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் நிலையான தொகையைக் கேளுங்கள்.

பணமாக இல்லாத பங்களிப்பைக் காட்டலாமா?

காட்டலாம் என்றால் விதிமுறையில் வரம்பும் சொல்லியிருக்கும். இலவச அரங்கம், தன்னார்வலர் உழைப்பு, இரவல் ஒளிக்கருவி ஆகியவை இதில் சேரும். மதிப்பை நீங்களாக வைக்கக் கூடாது. அரங்கம் மற்றவர்களுக்கு விடும் வாடகை விவரம், கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம், தன்னார்வலரின் நேரப் பதிவேடு எல்லாம் வேண்டும். ஒரே தொகையை வரவிலும் செலவிலும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வரவில் மட்டும் எழுதினால் பட்ஜெட் உபரி காட்டும், அலுவலர் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

எந்தச் செலவுகளை ஏற்க மாட்டார்கள்?

பழைய கடன், அபராதம், வட்டி, விருந்து, பரிசுத்தொகை, நிதி திரட்டும் விழா ஆகியவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. எதிர்பாராச் செலவுக்குச் சில மன்றங்கள் 5 அல்லது 10 சதவீதம் வரை அனுமதிக்கும், சில அனுமதிக்கவே அனுமதிக்காது. 'இதர செலவுகள்' என்று பெரிய தொகையை ஒரே வரியில் எழுதுவது மதிப்பீட்டாளருக்கு எரிச்சலூட்டும் முதல் காரியம். அதை உடைத்து எழுத முடியவில்லை என்றால் நீங்களே இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

மதிப்புக்கூட்டு வரியில் ஒரு சிக்கல் உண்டு. வரியைத் திரும்பப் பெறும் பதிவு உங்களிடம் இருந்தால் செலவுகளை வரி நீக்கித்தான் எழுத வேண்டும். பதிவு இல்லையென்றால் வரி சேர்த்து எழுத வேண்டும். மாற்றி எழுதியவர்கள் கணக்கு ஒப்படைக்கும்போது பெரிய பள்ளத்தில் விழுவார்கள், ஏனென்றால் அதற்குள் பணம் செலவாகியிருக்கும்.

முடிவு வருமுன் வேலையைத் தொடங்கலாமா?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'மன்றம் பணம் கொடுக்காவிட்டாலும் இது நடந்திருக்கும்' என்று தோன்றினால் நல்கைக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. ஜெர்மனியின் நல்கை விதிகளில் இது கறாராக இருக்கிறது: அரங்கத்தோடோ நடிகரோடோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலே வேலை தொடங்கியதாகக் கணக்கு. ஒரு முன்பதிவு ஒப்பந்தத்தால் முழு நல்கையும் போகக்கூடும். அவசரம் இருந்தால் முன்கூட்டியே தொடங்க அனுமதி கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள். அந்த அனுமதி நிதி கிடைக்கும் என்ற உறுதி ஆகாது. கிடைக்காவிட்டால் செலவு உங்கள் தலையில்.

அதனால் தேதியைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். முதல் காட்சி, அதற்கு முன் ஒத்திகை, அதற்கு முன் ஒப்பந்தங்கள், அதற்கும் முன் முடிவு நாள். முடிவுக் கடிதம் தாமதமாவது சாதாரணம் என்பதால் நடுவில் நான்கு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

மதிப்பீட்டாளர் விண்ணப்பத்தை எப்படி வாசிக்கிறார்?

நிறைய விண்ணப்பங்களை வரிசையாக வாசிக்கிறார். பெரும்பாலும் திட்டச் சுருக்கத்துக்கு அடுத்து பட்ஜெட்டுக்குத் தாவுவார், பிறகே விளக்கத்துக்குத் திரும்புவார். சுருக்கத்தில் யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்காக என்ற ஐந்தும் முதல் நான்கு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். 'கலை மனிதகுலத்தின் ஆன்மா' என்று தொடங்கும் பத்தியை அவர் ஏற்கனவே பலமுறை கடந்திருப்பார்.

விளக்கத்தில் சொன்னது பட்ஜெட்டில் இருக்கிறதா என்று ஒப்பிடுவார். பள்ளிப் பயிலரங்கு நடத்துவோம் என்று எழுதியிருக்கும். பயிற்றுநர் ஊதியம் எங்கும் இருக்காது. சைகை மொழிபெயர்ப்பு உண்டு என்றிருக்கும். அதற்கும் பட்ஜெட்டில் தொகை இருக்காது. இந்த இடைவெளிகளில்தான் மதிப்பெண் குறைகிறது, கலைத்தரத்தில் குறைவது நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

காணொளி கேட்டால் கேட்ட நிமிடத்துக்குள் கொடுங்கள். தலைப்பு, நன்றி, இருட்டு மேடை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வேலை தெரியும் இடத்தில் தொடங்குங்கள். இணைப்புக்குக் கடவுச்சொல் இருந்தால் முடிவு வரும்வரை மாற்றாதீர்கள்.

பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் நல்லதா?

இல்லை, அது வரவுக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். 180 இருக்கை, 6 காட்சி என்றால் அதிகபட்சம் 1,080 பேர். பெயர் தெரியாத புதுக் குழு 60 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் 648. அதில் மூன்றில் ஒரு பங்கு, 216 பேர், அரைக் கட்டணத்தில் வருவார்கள் என்றால் வசூல் 540 முழு டிக்கெட்டுக்குச் சமம். இந்த 540ஐ டிக்கெட் விலையால் பெருக்கிய தொகையும் வரவுப் பட்டியலில் டிக்கெட்டுக்கு எழுதிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இலவச அனுமதிச் சீட்டு கொடுப்பதாக இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். மிகைப்படுத்தியவர்களுக்குப் பற்றாக்குறை முறையில் இரட்டை நட்டம்: வசூலைக் கூட்டிக் காட்டியதால் நல்கை குறைவாகக் கிடைத்தது, வசூலும் வரவில்லை.

பணம் எப்போது கைக்கு வரும்?

தவணைகளில் வரும். மேலே சொன்ன 50ஐ எடுத்தால், ஒப்பந்தம் முடிந்ததும் 20, இடைக்கால அறிக்கைக்குப் பின் 20, இறுதிக் கணக்கு ஏற்கப்பட்டதும் 10 என்பது போலப் பிரிக்கப்படலாம். சில திட்டங்களில் முன்பணமே இல்லை. செலவழித்து ரசீது கொடுத்தால்தான் வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசித் தவணையைப் பெற எல்லாப் பில்களும் கட்டி முடித்ததற்கு வங்கிச் சான்று காட்ட வேண்டும். ஆக, கையில் 90 இருக்கும்போது 100ஐச் செலுத்தியாக வேண்டும், அந்த 10 திரும்பி வரச் சில மாதம் ஆகலாம். சின்னக் குழுக்கள் நல்கை கிடைத்த ஆண்டில் கடனில் விழுவது இப்படித்தான். மாதவாரியாக வரவு செலவு அட்டவணை போட்டு, எந்த மாதம் கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். அந்த மாதத்துக்குப் பதில் இல்லையென்றால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள்.

நடுவில் திட்டம் மாறினால்?

சொல்லுங்கள், மாற்றும் முன்பே, எழுத்தில். பட்ஜெட்டின் செலவு இனங்களுக்கிடையே சிறு தொகை நகர்த்த அனுமதி தேவைப்படாது. ஜெர்மன் விதிகளில் ஒரு செலவு இனம் 20 சதவீதம் வரை மீறலாம், வேறு இனத்தில் அதே அளவு மிச்சப்பட்டிருக்க வேண்டும். முக்கியக் கலைஞர், இடம், தேதி, காட்சிகளின் எண்ணிக்கை மாறினால் கட்டாயம் அனுமதி வேண்டும். புதிதாக ஒரு புரவலர் கிடைத்தாலும் தெரிவிக்க வேண்டும். அதை மறைத்து, ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டினால் மோசடிதான். பில்லின் மேல் எந்த நல்கையில் எவ்வளவு சேர்த்தோம் என்று முத்திரை குத்தி வைப்பது பழைய முறை, இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை.

அரசுப் பணம் வாங்கினால் உள்ளடக்கத்தில் தலையிடுவார்களா?

விலகி நிற்கும் கொள்கை உள்ள இடங்களிலும் உரசல் உண்டு. அமெரிக்காவில் நல்கை வழங்கும்போது கண்ணியத்தின் பொதுவான தரங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1990இல் சட்டத்தில் சேர்த்தார்கள்; நான்கு கலைஞர்கள் தொடுத்த வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. நடைமுறையில் நல்கை ஒப்பந்தத்தைப் படிப்பதுதான் வழி. பிரதியை முன்கூட்டிச் சமர்ப்பிக்க வேண்டுமா, எந்தக் காரணங்களுக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற இரண்டையும் தேடுங்கள். 'மன்றத்தின் நற்பெயருக்குக் களங்கம்' போன்ற தெளிவற்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் விளக்கம் கேட்கலாம்.

நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

நடைமுறை தவறியிருந்தால் மட்டும்: கொடுத்த ஆவணத்தைப் பார்க்கவில்லை, சார்புள்ளவர் குழுவில் இருந்தார் என்பது போல. மதிப்பீட்டாளரின் ரசனையை எதிர்த்து முறையீடு நிற்காது. பிரிவுவாரியான மதிப்பெண்ணையும் கருத்தையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த சுற்றில் அதே திட்டத்தை அனுப்பும்போது எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இறுதி அறிக்கையில் என்ன இருக்க வேண்டும், ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

செய்த வேலையின் விவரம், உண்மையான வரவு செலவு, விண்ணப்பத்தில் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம், வந்தவர் எண்ணிக்கை, மன்றத்தின் சின்னம் அச்சான சுவரொட்டி, நிகழ்ச்சித் தாள். சின்னம் போட மறந்ததற்குக்கூடக் கடைசித் தவணை நிற்கும். செலவு தேதி, பில்லின் தேதி, பணம் செலுத்திய தேதி மூன்றும் திட்டக் காலத்துக்குள் விழ வேண்டும். கடைசி நாளுக்கு அடுத்த நாள் கட்டிய ஒலியமைப்பு பில் பல இடங்களில் ஏற்கப்படாது. ரொக்கமாகக் கொடுத்ததற்குப் பெற்றவரின் கையெழுத்துள்ள வவுச்சர் வேண்டும். மீந்த பணத்தைத் திருப்ப வேண்டும். தாமதித்தால் வட்டி சேரலாம்.

அமெரிக்க மத்திய நல்கைகளுக்கு இறுதி நிதி அறிக்கையிலிருந்து 3 ஆண்டு, ஜெர்மனியின் பொது நல்கை விதிகளில் 5 ஆண்டு ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். வரிச் சட்டம் இதைவிட நீண்ட காலம் கேட்டால் அதுவே பொருந்தும். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் அதற்குள் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்து அசலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.